சுமந்தவனுக்குத் தூக்கு, சம்பாதித்தவனுக்கு அபராதம்!

(குடுமியான்மலையில் விவசாயத் தொழிலாளர்களும் வாலிபர்களும் தாய்மார்களும் கூடிய கூட்டத்தில், வழக்கறிஞரான தோழர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு.)



இந்தக் கூட்டத்துக்கு நோட்டீஸ் கொடுத்துக்கொண்டு வந்தபோது, டீக்கடை வாசலில் ஒரு பெரியவர் நம் தோழர்களை நிறுத்திக் கேட்டாராம்: "ஏம்ப்பா, கூலி உயர்வு கேட்டுப் பேசுறீங்க, சரி. நிலத்துக்குப் பட்டா கேட்டுப் பேசுறீங்க, சரி. போதைப் பொட்டலம் கடத்துனவனுக்கும் இப்ப நீங்கதான் வக்காலத்தா?"

நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன். அந்தப் பெரியவர் இங்கே உட்கார்ந்திருந்தால், கடைசிவரை இருந்து கேட்க வேண்டும். அதன் பிறகு என்னைத் திட்டினாலும் ஏற்றுக்கொள்கிறேன். (சிரிப்பு)

உங்கள் ஊர்க் கதையிலிருந்தே தொடங்குகிறேன். மேலைக்கோயில் பாறையில் வெட்டியிருக்கும் இசைக் கல்வெட்டால் இந்த ஊரை உலகம் அறியும். ஆனால் ஊருக்குப் பெயர் கொடுத்தது கல்வெட்டு அல்ல, சிகாநாதர் தலையிலுள்ள குடுமி. சாமிக்கு வைத்திருந்த பூவை அர்ச்சகர் தன் காதலிக்குச் சூட்டிவிட்டார். திடீரென்று அரசன் வந்து நின்றான். அவசரத்தில் அதே பூவைப் பிரசாதமாகக் கொடுத்தார். பூவில் ஒரு தலைமயிர் இருந்தது. "இது யாருடையது?" என்றான் அரசன். "சாமிக்கே குடுமி உண்டு" என்று அர்ச்சகர் பொய் சொன்னார். "காட்டு" என்றான் அரசன். உயிர் போகிற அந்த நேரத்தில் லிங்கத்தின் உச்சியில் குடுமி முளைத்ததாம்.

கதையை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். நான் பார்ப்பது கதையைக் கட்டிய மக்களின் மனத்தை. அர்ச்சகர் செய்தது தப்பு, அதன் மேல் பொய் வேறு. மக்கள் அதை மறைக்கவில்லை. ஆனால், "இந்தத் தப்புக்குத் தலை போக வேண்டுமா?" என்று கேட்டார்கள். தப்பு என்பது வேறு, அதற்கு எவ்வளவு தண்டனை என்பது வேறு. இந்த எளிய விஷயத்தைத்தான் சட்டப் புத்தகம் "தண்டனையைக் குறைக்கத்தக்க சந்தர்ப்ப சூழ்நிலைகள்" என்று நீளமாகச் சொல்கிறது. கல்லில் இருக்கும் சாமிக்கே மனம் இரங்கியதாகச் சொன்ன மக்கள் நீங்கள். மனிதர் எழுதிய சட்டத்துக்கு மட்டும் காது இருக்கக் கூடாதா என்பதே இன்றைய பேச்சு.

போதை வியாபாரத்தை வளர்த்தவர் யார்?

முதலிலேயே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். போதை உழைப்பாளி மக்களின் எதிரி. கஞ்சாப் பொட்டலம் பள்ளிக்கூட வாசலுக்கு வந்தால் அழிவது முதலாளி வீட்டுப் பிள்ளை மட்டும் அல்ல, கூலிக்காரன் வீட்டுப் பிள்ளைதான் முதலில் அழிகிறான். அந்த வீட்டின் சட்டி பானை வரை விற்றுப்போகிறது. ஆகவே போதைக்கு வக்காலத்து வாங்க நாம் வரவில்லை.

ஆனால் இந்த வியாபாரம் எங்கே பிறந்தது? ஏழையின் குடிசையிலா? இல்லை. 1773இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி வங்காளத்து அபினியைத் தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. நம் நாட்டு விவசாயியைக் கொண்டு அபினி விளைவித்து, சீன மக்களின் வாயில் திணித்தது. வேண்டாம் என்று சீனா தடுத்தபோது, பீரங்கிக் கப்பலோடு போய் இரண்டு முறை யுத்தம் நடத்தினார்கள். முதல் யுத்தம் 1839இல், இரண்டாவது 1856இல். அந்த அபினி வியாபாரத்தின் அயோக்கியத்தனத்தைப் பற்றிக் காரல் மார்க்ஸ் 1858இல் நியூயார்க் பத்திரிகையில் கட்டுரைகள் எழுதினார்.

இன்று போதைக்குத் தூக்கு என்று சொல்லும் சிங்கப்பூர் அன்று எப்படி இருந்தது? அபினிக் குத்தகைப் பணம்தான் அந்தத் துறைமுகத்துக் காலனி சர்க்காரின் பெரிய வருமானங்களில் ஒன்று. 1910இல் குத்தகையை ஒழித்தார்கள். அபினியை ஒழிக்கவா? இல்லை! குத்தகைக்காரனுக்குப் போகும் லாபத்தையும் சர்க்காரே நேரடியாக எடுத்துக்கொள்வதற்காக! ரிக்‌ஷா இழுத்தவனும் மூட்டை சுமந்தவனும் உடம்பு வலி மறக்கப் புகைத்தான். அந்தப் புகையில் கவர்னர் மாளிகைக்கு வெள்ளையடித்தார்கள். அன்றைக்கு எந்தக் கவர்னரும் தூக்கு மேடை ஏறவில்லை.

குருவி என்பவன் யார்?

திருச்சி விமான நிலையத்துக்குப் போய்வந்தவர்களுக்குக் "குருவி" என்ற சொல் தெரியும். பிறர் சாமானைக் கூலிக்குச் சுமந்துகொண்டு கடல் தாண்டிப் போய்வருகிறவன் குருவி. துணி, மின்சாரச் சாமான், தங்கம் என்று எதையோ சுமப்பான். சாமான் அவனுடையது அல்ல, லாபமும் அவனுடையது அல்ல. டிக்கெட்டும் கையில் கொஞ்சம் காசும்தான் அவன் பங்கு. பிடிபட்டால் மாட்டுகிறவன் மட்டும் அவன்.

போதைக் கடத்தலிலும் இதே ஏற்பாடுதான். மேலே பணம் போடுகிறவன், அவனுக்குக் கீழே சரக்கு பிடிக்கிறவன், அதற்கும் கீழே ஆள் பிடிக்கிறவன். எல்லாருக்கும் கீழே சுமக்கிறவன். ஆள் பிடிக்கிறவன் யாரைத் தேடுகிறான்? கடன்காரன் நெருக்குகிற வாலிபனை, வைத்தியச் செலவுக்கு வழியில்லாதவனை, புருஷன் கைவிட்ட பெண்ணை, நாலு வார்த்தை இனிமையாகப் பேசினால் நம்பிவிடுகிற அப்பாவியைத் தேடுகிறான். சுமக்கிறவனுக்கு மேலே இருப்பவனின் பெயர் தெரியாது. தெரியக் கூடாது என்பதே அந்த ஏற்பாட்டின் சூட்சுமம். அவன் பிடிபட்டால் சங்கிலி அங்கேயே அறுந்துவிட வேண்டும்.

இந்தச் சங்கிலியில் சிக்கிய ஒரு தமிழ் வாலிபனின் கதையை உலகமே பேசியது. அவன் பெயர் நாகேந்திரன் தர்மலிங்கம். மலேசியாவின் ஈப்போவைச் சேர்ந்தவன். 2009 ஏப்ரல் 22 அன்று, இருபது வயதை ஒட்டிய பருவத்தில், சிங்கப்பூருக்குள் நுழையும் உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் பிடிபட்டான். தொடையில் ஒரு பொட்டலம் கட்டியிருந்தது. அதிலிருந்த ஹெராயின் 42.72 கிராம். ஒரு கைப்பிடிக்குள் அடங்குகிற எடை.

சிங்கப்பூரில் 1975 முதல் இருந்துவரும் சட்டம் என்ன சொல்கிறது? ஹெராயின் 15 கிராமுக்கு மேல் கடத்தினால் தூக்கு. 2 கிராமுக்கு மேல் கையில் இருந்தாலே, கடத்துவதற்குத்தான் வைத்திருந்தான் என்று சட்டம் ஊகித்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது பிடிபட்டவன் பொறுப்பு. நீதிபதி தராசைப் பார்க்கலாம், தராசில் நிற்கும் மனிதனைப் பார்க்கக் கூடாது!

தன்னை மிரட்டிச் சுமக்க வைத்தார்கள் என்று நாகேந்திரன் சொன்னான். கோர்ட்டு அதை நம்பவில்லை. அவனுடைய அறிவுத்திறன் அளவு 69 என்று மருத்துவச் சோதனை காட்டியது. படிப்பும் யோசனையும் வயதுக்கேற்ற அளவில் வளராத பிள்ளை. ஆனாலும் அவன் தெரிந்துதான் செய்தான் என்று சிங்கப்பூர் கோர்ட்டுகள் முடிவு கட்டின. பதின்மூன்று ஆண்டு சிறையில் கிடந்தான். உலகெங்குமிருந்து கருணை கேட்டார்கள். அவனுடைய தாயார் கடைசி நாள்வரை கோர்ட்டுப் படி ஏறினார். 2022 ஏப்ரல் 27 அன்று சாங்கி சிறையில் அவனைத் தூக்கிலிட்டார்கள்.

பொட்டலம் கொடுத்தனுப்பியவன் என்ன ஆனான் என்று கேட்காதீர்கள். அது அந்த வழக்கில் கேள்வியே அல்ல!

தலைகீழான கருணை

சிங்கப்பூர் சர்க்கார் கண்டனம் பொறுக்காமல் சட்டத்தைக் கொஞ்சம் தளர்த்தியது, மறுக்கவில்லை. 2013 ஜனவரி முதல் ஒரு வாசல் திறந்தார்கள். குற்றவாளி வெறும் சுமைகூலிதான் என்று நிரூபிக்க வேண்டும். அதோடு, போதைக் கடத்தலைக் குலைப்பதற்கு அவன் கணிசமாக உதவினான் என்று அரசாங்க வழக்கறிஞர் சான்றிதழ் கொடுக்க வேண்டும். இரண்டும் இருந்தால் தூக்குக்குப் பதிலாக ஆயுள் தண்டனையும் குறைந்தது 15 பிரம்படியும் விதிக்க நீதிபதிக்கு இடம் உண்டு. மனக்கோளாறு அவன் பொறுப்புணர்வை வெகுவாகக் குறைத்திருந்தது என்று நிரூபித்தாலும் ஆயுள் தண்டனை உண்டு.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள், தோழர்களே! கணிசமாக உதவ யாரால் முடியும்? நாலு பெயர் தெரிந்தவனால், நாலு இடம் தெரிந்தவனால் முடியும். அதாவது சங்கிலியில் மேலே இருப்பவனால் முடியும். ஒன்றும் தெரியாமல் கூலிக்குச் சுமந்தவனிடம் என்ன இருக்கிறது? "குண்டு மனிதர் ஒருவர் கொடுத்தார்" என்பான். அதை வைத்து யாரைப் பிடிப்பது? ஆகவே சான்றிதழ் இல்லை. ஆகவே தூக்கு! குற்றத்தில் ஆழமாக இறங்கியவனுக்கு வழி இருக்கிறது, கரையில் நின்றவனுக்கு வழி இல்லை. கருணையைத் தலைகீழாக மாட்டிவைத்த சட்டம் இது.

பன்னீர்செல்வம் பரந்தாமன் என்ற மலேசியத் தமிழர் 2014இல் அதே உட்லண்ட்ஸ் சாவடியில் பிடிபட்டார். 51.84 கிராம் ஹெராயின். அவர் வெறும் சுமைகூலிதான் என்று நீதிபதியே ஒப்புக்கொண்டார். தனக்குத் தெரிந்ததைச் சொன்னதாக அவர் சொன்னார். ஆனால் சான்றிதழ் வரவில்லை. 2017இல் மரண தண்டனை. சிறையில் பாட்டும் கவிதையும் எழுதிக்கொண்டிருந்த அவரை 2025 அக்டோபர் 8 அன்று தூக்கிலிட்டார்கள். ஒருவனுடைய உயிர், நீதிபதியின் கையிலிருந்து வழக்குத் தொடுத்தவரின் கைக்குப் போய்விட்டது. எதிர்க்கட்சி வக்கீலே தீர்ப்பு எழுதுவது போல!

மொழியும் இதில் சேர்கிறது. 2023 ஏப்ரலில் தூக்கிலிடப்பட்ட சிங்கப்பூர்த் தமிழர் தங்கராஜு சுப்பையா, ஒரு கிலோவுக்குச் சற்று மேற்பட்ட கஞ்சாவைக் கடத்த உடந்தையாக இருந்தார் என்பது வழக்கு. கஞ்சா அவர் கையில் பிடிபடவில்லை, தொலைபேசி எண்கள்தான் அவரை இழுத்தன. விசாரணையின்போது தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேட்டும் தரவில்லை என்றார். கோர்ட்டு அதை ஏற்கவில்லை. உயிர் போகும் வழக்கில் ஒருவன் தன் தாய்மொழியில் பேசினானா என்பதே சர்ச்சைக்குரிய விஷயம் ஆகிறது என்றால், இது என்ன நீதி?

நீதிபதியின் வாயைக் கட்டுவது பழைய வித்தை

"இந்தக் குற்றமா? இந்தத் தண்டனைதான், வேறு பேச்சில்லை" என்பது நமக்குப் புதிதல்ல. மலேயாவில் தொழிற்சங்கத் தலைவராக இருந்த தஞ்சைத் தமிழர் கணபதியை நினைத்துப் பாருங்கள். 1948இல் பிரிட்டிஷ் ஏகாதிபத்தியம் மலேயாவில் அவசரநிலைச் சட்டம் போட்டது. துப்பாக்கி வைத்திருந்தால் தூக்கு என்பது விதி. இந்தியாவிலிருந்து கருணை கேட்டுக் குரல் எழுந்தது. 1949 மே 4 அன்று கோலாலம்பூர் புடு சிறையில் அவரைத் தூக்கிலிட்டார்கள். கணபதி கடத்தல்காரர் அல்லர், உழைப்பாளி மக்களின் தலைவர். அவருடைய வழக்கையும் போதை வழக்கையும் நான் ஒன்றாக்கவில்லை. ஆனால் சட்டத்தின் அச்சு ஒன்றுதான். பொருள் கையில் இருந்ததா என்று மட்டும் கேள், மனிதன் யார் என்று கேளாதே என்பது அந்த அச்சு. காலனி எஜமானர்கள் போனார்கள், அச்சு போகவில்லை.

அதே மலேசியா இன்று வேறு பாதையில் கால் வைத்திருக்கிறது. 1983 முதல் அங்கேயும் போதைக் கடத்தலுக்குத் தூக்கு கட்டாயம். 2023 ஜூலை 4 முதல் அந்தக் கட்டாயத்தை ஒழித்துவிட்டார்கள். தூக்கு அறவே போய்விடவில்லை. ஆனால் 30 முதல் 40 ஆண்டு வரை சிறை கொடுக்க நீதிபதிக்கு அதிகாரம் வந்தது. ஏற்கனவே தண்டனை பெற்றிருந்த ஏறத்தாழ ஆயிரம் பேருக்குத் தங்கள் தண்டனையை மறுபடி பரிசீலிக்கக் கோரும் உரிமை கிடைத்தது. ஜொகூர் பாலத்தின் ஒரு முனையில் நீதிபதிக்கு வாய் திறந்திருக்கிறது, மறு முனையில் வாய் கட்டியிருக்கிறது!

நம் நாட்டில் என்ன நிலைமை?

அயல்நாட்டைக் குறை சொல்லிவிட்டு நம் வீட்டை மறந்துவிடக் கூடாது. இங்கே 1985இல் வந்த போதைப் பொருள் தடுப்புச் சட்டம் இருக்கிறது. 1989இல் திருத்தி, பெரிய அளவில் இரண்டாவது முறை குற்றம் செய்தால் கட்டாயத் தூக்கு என்று ஒரு ஷரத்துச் சேர்த்தார்கள். 2011இல் பம்பாய் உயர்நீதிமன்றம் அந்தக் கட்டாயத்தை ஏற்க மறுத்தது. 2014இல் பாராளுமன்றம் அதை நீதிபதியின் விருப்பத்துக்கு விடும்படி திருத்தியது. இது நல்ல திருத்தம்.

ஆனால் முதல் முறை பிடிபடுகிறவன் கதி என்ன? ஹெராயின் 250 கிராமுக்கு மேலும், கஞ்சா 20 கிலோவுக்கு மேலும் இருந்தால் அது "வியாபார அளவு". அதற்குக் குறைந்தபட்சம் 10 ஆண்டு கடுங்காவல், கூடினால் 20 ஆண்டு. ஒரு லட்சம் ரூபாயிலிருந்து அபராதம். பத்தாண்டுக்குக் கீழே ஒரு நாள்கூடக் குறைக்க நீதிபதிக்கு அதிகாரம் இல்லை. தண்டனையைக் கூட்டுவதற்கான காரணங்களைச் சட்டம் வரிசையாக எழுதி வைத்திருக்கிறது. குறைப்பதற்கான காரணங்களின் வரிசை எங்கே? தேடிப் பாருங்கள், கிடைக்காது!

ஜாமீன் கேட்டால், இவன் குற்றம் செய்யவில்லை என்று நம்ப இடம் இருக்கிறது என நீதிபதி முதலிலேயே திருப்தி அடைய வேண்டுமாம். ஆகவே வழக்கு முடியும்வரை சிறை. கலப்பட விஷயம் இன்னும் விசித்திரம். 2020இல் சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்புச் சொன்னது. போதைப் பொருளோடு கலந்திருக்கும் வெறும் மாவையும் சேர்த்து மொத்த எடையைப் பார்க்க வேண்டும் என்றது. சிங்கப்பூர்கூடச் சுத்தமான ஹெராயினைத்தான் எடை போடுகிறது! மேலே இருக்கும் வியாபாரி கொள்ளை லாபத்துக்காகக் கலந்த மாவுக்கும் சேர்த்துச் சுமந்தவன் சிறை அனுபவிக்க வேண்டும்.

2021 ஏப்ரலில் வந்த ஒரு தீர்ப்பை உங்களுக்குச் சொல்ல வேண்டும். பஞ்சாபில் ஒரு கிலோ ஹெராயினோடு பிடிபட்ட ஒருவருக்கு 15 ஆண்டு தண்டனை. "நான் ஏழை, வெறும் சுமைகூலி, வீட்டில் சம்பாதிக்கிறவன் நான் ஒருவன்தான், குறைந்தபட்சமான பத்தாண்டு போதாதா?" என்று அவர் சுப்ரீம் கோர்ட்டில் கேட்டார். கோர்ட்டு மறுத்தது. ஏழை என்பதும், சுமைகூலி என்பதும், குடும்பத்துக்கு ஒரே ஆதரவு என்பதும் இந்தச் சட்டத்தில் தண்டனையைக் குறைக்கத்தக்க காரணங்கள் ஆகா என்றது. கொலைகாரன் ஒருவரையோ இருவரையோ கொல்கிறான், போதை வியாபாரி பலரைக் கொல்கிறான் என்பது அதன் வாதம்.

கோர்ட்டின் மேல் மரியாதை வைத்தே கேட்கிறேன். போதை வியாபாரி பலரைக் கொல்கிறான், சரி. ஆனால் கூண்டில் நின்றது வியாபாரியா, அவனுடைய கழுதையா? கழுதையின் முதுகில் கண்ட மூட்டையை வைத்து, கழுதைக்காரனுக்குரிய தண்டனையைக் கழுதைக்குக் கொடுப்பது என்ன கணக்கு? (நீண்ட கைதட்டல்)

இதே சுப்ரீம் கோர்ட்டு கொலை வழக்குகளில் வேறு வழி காட்டியிருக்கிறது. 1957இல் கேரளத்தில் தோழர் இ.எம்.எஸ். தலைமையில் அமைந்த மந்திரிசபையில் மந்திரியாக இருந்த வி.ஆர். கிருஷ்ணய்யர் பிறகு சுப்ரீம் கோர்ட்டு நீதிபதி ஆனார். 1974இல் ஆந்திரத்து ஏழைப் பெண் ஒருத்தியின் கொலை வழக்கு அவர் முன் வந்தது. அவளுடைய இளம் வயது, புகுந்த வீட்டிலிருந்து துரத்தப்பட்ட கதி, கையிலிருந்த குழந்தை ஆகிய எல்லாவற்றையும் எடைபோட்டுத் தூக்கை ஆயுளாகக் குறைத்தார். 1980இல் பச்சன் சிங் வழக்கில், குற்றத்தை மட்டும் பார்த்தால் போதாது, குற்றவாளியையும் பார்க்க வேண்டும் என்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு சொன்னது. 1983இல், நீதிபதிக்கு யோசிக்க இடமே தராத கட்டாயத் தூக்கு அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று ஒரு ஷரத்தையே அடித்தது. கொலை செய்தவனிடம் "நீ யார், எப்படி இங்கே வந்தாய்?" என்று கேட்கும் சட்டம், சுமந்தவனிடம் அதே கேள்வியைக் கேட்க மாட்டேன் என்பது என்ன நியாயம்?

நம் கடற்கரைக்கு வந்த தூக்குக் கயிறு

புதுக்கோட்டை ஜில்லாவுக்குக் கோட்டைப்பட்டினமும் ஜெகதாப்பட்டினமும் உண்டு. கடலுக்குப் போனவன் திரும்புவானா என்று காத்திருக்கும் தாய்மார்கள் அங்கே உண்டு. ஆகவே இதைச் சொன்னால் உங்களுக்குப் புரியும். 2011 நவம்பர் 28 அன்று ராமேஸ்வரத்திலிருந்து மீன்பிடிக்கப் போன ஐந்து பேரை இலங்கைக் கடற்படை பிடித்தது. ஹெராயின் கடத்தினார்கள் என்று வழக்கு. மூன்று ஆண்டு சிறை. 2014 அக்டோபர் 30 அன்று கொழும்பு உயர்நீதிமன்றம் ஐவருக்கும் மரண தண்டனை விதித்தது. அவர்களோடு மூன்று இலங்கையருக்கும் அதே தண்டனை.

தமிழ்நாட்டுக் கடற்கரை கொதித்தெழுந்தது. ராமேஸ்வரத்தில் மறியல் நடந்தது. இரண்டு நாட்டு சர்க்கார்களும் பேசின. மூன்றே வாரத்தில் இலங்கை ஜனாதிபதி மன்னிப்புக் கொடுத்தார். ஐவரும் வீடு திரும்பினார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அவர்களைக் காப்பாற்றியது சட்டம் அல்ல, மக்களின் சத்தம். சத்தம் போட ஊர் இல்லாதவன், உறவு இல்லாதவன், கட்சி இல்லாதவன் என்ன செய்வான்? கருணை என்பது அரசியல் சந்தர்ப்பத்தில் கிடைக்கும் பிச்சையாக இருக்கக் கூடாது. தீர்ப்பு எழுதும் மேஜையிலேயே அதற்கு உரிய இடம் இருக்க வேண்டும்.

பெரிய மீன்கள் எங்கே?

2012 டிசம்பரில் அமெரிக்காவில் ஒரு வழக்கு முடிந்தது. எச்.எஸ்.பி.சி. என்ற பிரம்மாண்டமான வங்கி, மெக்சிகோ, கொலம்பியா நாட்டுப் போதைக் கும்பல்களின் பணத்தில் குறைந்தது 88 கோடி டாலர் தன் வழியாகப் போக இடம் கொடுத்தது. கும்பல்காரர்கள் வங்கியின் பண ஜன்னல் அளவுக்குக் கச்சிதமாகப் பொருந்தும்படி பெட்டி செய்து, நோட்டுக் கட்டுகளை அதில் அடுக்கிக் கொண்டுவந்து செலுத்தினார்கள். தண்டனை என்ன? ஏறத்தாழ 190 கோடி டாலர் அபராதமும் பறிமுதலும். வங்கி அதிகாரி ஒருவர்கூடச் சிறைக்குப் போகவில்லை. வங்கியைக் குற்றவாளி ஆக்கினால் நிதி உலகம் ஆட்டம் காணும் என்ற கவலைதான் காரணம்! நிதி உலகத்துக்குச் சந்தர்ப்ப சூழ்நிலை உண்டு, தோழர்களே! நாகேந்திரனுக்கு இல்லை! அந்த வங்கி எங்கே பிறந்தது தெரியுமா? அபினி யுத்தத்தில் பிரிட்டிஷார் பறித்த ஹாங்காங்கில், 1865இல்.

2021 செப்டம்பரில் குஜராத்தின் முந்த்ரா துறைமுகத்தில் இரண்டு கண்டெய்னர்களில் ஏறத்தாழ 3,000 கிலோ ஹெராயின் பிடிபட்டது. முகப் பவுடர்க் கல் என்று சொல்லி வந்த சரக்கு. 3,000 கிலோவைத் தொடையில் கட்டிக்கொண்டு வர முடியாது. அதற்குக் கப்பல் வேண்டும், கம்பெனி வேண்டும், வங்கிக் கணக்கு வேண்டும். குருவியைத் தூக்கில் போட்டால் கப்பல் நிற்குமா?

எதை எடைபோட வேண்டும்?

"சுமந்தவனை விட்டுவிட்டால் நாளைக்கு ஊரே சுமக்கும்" என்பார்கள். யார் விடச் சொன்னது? தண்டனை வேண்டும். ஆனால் அளந்து கொடுக்க வேண்டும் என்கிறோம். தராசு என்றால் இரண்டு தட்டு வேண்டும். ஒரு தட்டுத் தராசு எந்தக் கடையில் இருக்கிறது?

ஒரு தட்டில் வைக்க வேண்டியவற்றை வையுங்கள். பணம் போட்டானா? ஆள் பிடித்தானா? ஆயுதம் வைத்திருந்தானா? பள்ளிப் பிள்ளைகளுக்கு விற்றானா? சிறுவனைச் சுமக்க வைத்தானா? முன்பும் செய்தவனா? அப்படியானால் தண்டனை கூடட்டும், நமக்கு ஆட்சேபணை இல்லை. மறு தட்டில் இதையும் வையுங்கள். முதல் குற்றமா? பொட்டலத்தில் என்ன இருந்தது என்று எவ்வளவு தெரியும்? கிடைத்த கூலி எவ்வளவு? மிரட்டினார்களா? கடனில் கட்டிப்போட்டார்களா? வயது என்ன? மனவளர்ச்சி எப்படி? பிடிபட்டதும் தெரிந்ததை மறைக்காமல் சொன்னானா? அது பெரிய மீனைப் பிடிக்க உதவாவிட்டாலும் உண்மை உண்மைதானே!

"தூக்குப் போட்டால் பயம் வரும்" என்பது சிங்கப்பூர் சர்க்காரின் வாதம். 1975 முதல் கயிறு தொங்குகிறது. 2009இல் நாகேந்திரன் வந்தான். அவன் தண்டனை பெற்ற பிறகு, 2014இல், அதே சாவடிக்குப் பன்னீர்செல்வம் வந்தார். ஏன்? பயப்பட வேண்டியவன் சாவடிக்கு வருவதே இல்லை. ஒரு குருவி செத்தால் இன்னொரு குருவியை வாங்க அவனிடம் பணம் இருக்கிறது. வறுமை இருக்கும்வரை குருவிச் சந்தையில் தட்டுப்பாடு வராது.

ஆகவே நம் கோரிக்கைகள் தெளிவானவை:

பத்தாண்டுக் குறைந்தபட்சத்துக்குக் கீழேயும், காரணத்தை எழுதிவைத்துத் தண்டனை கொடுக்க நீதிபதிக்கு அதிகாரம் வேண்டும். எடையோடு, குற்றத்தில் அவன் வகித்த பங்கையும் பார்க்கும்படி சட்டத்தைத் திருத்த வேண்டும். போதைச் சட்டத்தில் மிஞ்சியிருக்கும் மரண தண்டனை போக வேண்டும். கடத்தல் பணத்தில் வாங்கிய சொத்தைப் பறிக்கும் ஷரத்துகளைப் பெரிய புள்ளிகள் மேல் பிரயோகிக்க வேண்டும். அயல்நாட்டுச் சிறையில் வாடும் நம் மக்களுக்கு முதல் நாளிலிருந்தே வக்கீலும் தமிழ் மொழிபெயர்ப்பாளரும் கிடைக்க இந்திய சர்க்கார் பொறுப்பேற்க வேண்டும்.

வாலிபர்களுக்கு ஒரு வார்த்தை

சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் வளைகுடாவுக்கும் பிழைக்கப் போகும் தம்பிமார்களே! சாமானை உன் கையால் கட்டு. "அண்ணனுக்கு ஊறுகாய், தங்கச்சிக்குத் துணி" என்று யார் கொடுத்தாலும், பிரித்துப் பார்க்காமல் வாங்காதே. பிரிக்க விடாதவனிடம் வாங்கவே வாங்காதே. இங்கே போலீசார் உன் உடம்பைச் சோதிக்க வந்தால், மாஜிஸ்திரேட்டு முன்பாகவோ கெஜட் அதிகாரி முன்பாகவோ சோதிக்கச் சொல்லும் உரிமை உனக்கு உண்டு. அதை அவர்கள் உனக்குச் சொல்ல வேண்டும். விசாரணை அதிகாரியிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை வைத்து உன்னைத் தண்டிக்க முடியாது என்று 2020இல், தமிழ்நாட்டிலிருந்து போன தூஃபான் சிங் வழக்கிலேயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கிறது. வக்கீல் வைக்கக் காசில்லாவிட்டால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கேள். வெட்கப்படாதே, அது உன் உரிமை.

டீக்கடைப் பெரியவருக்குக் கடைசியாக ஒரு பதில். ஐயா, நாங்கள் பொட்டலத்துக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. பொட்டலத்தின் கனத்தை மட்டும் பார்த்து, அதைச் சுமந்த முதுகின் கூனைப் பார்க்காத தராசை மாற்றச் சொல்லி வந்திருக்கிறோம். அர்ச்சகரின் தலையைக் காப்பாற்ற உங்கள் ஊர்ச் சாமி குடுமி வளர்த்ததாகச் சொல்கிறீர்கள். ஏழையின் தலையைக் காப்பாற்ற அற்புதம் ஒன்றும் வேண்டாம். சட்டத்தில் நாலு வரி மாறினால் போதும். அந்த நாலு வரியை மாற்றப் பாராளுமன்றம் தானாக முன்வராது, நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். கேட்போம், கேட்டுக்கொண்டே இருப்போம்!